'சரி' என்று வந்த சீட்டு

"தகவல் தொடர்பு ஒருங்கிணைப்பாளர், இரண்டாம் நிலை: மருத்துவமனைக்கும் வெளி நிறுவனங்களுக்கும் இடையே தடையற்ற கருத்துப் பரிமாற்றத்தை உறுதி செய்பவர். தெளிந்த உச்சரிப்பு, இனிய குரல், எவரோடும் தயக்கமின்றிப் பழகும் இயல்பு ஆகியவை இன்றியமையாத் தகுதிகள்."

மருத்துவமனையின் பணி விதிகளில் இப்படித்தான் அச்சாகியிருந்தது. இந்த வருணனைக்குச் சொந்தக்காரர் மாடிப்படிக்கு அடியில், நிமிர்ந்தால் தலை இடிக்கும் ஓர் அறையில் உட்கார்ந்திருந்தார். மேசைமேல் ஒரு தொலைபேசியும் ஒரு ஃபேக்ஸ் இயந்திரமும் இருந்தன. தொலைபேசி மணி அடித்தால், அது தானாக அடித்து ஓயும்வரை பொறுமையாகக் காத்திருப்பார். ஓய்ந்ததும் பெருமூச்சு விட்டுவிட்டு வேலையைத் தொடர்வார். மனிதக் குரல் எந்த நேரத்தில் என்ன கேட்கும் என்று சொல்ல முடியாது என்பது அவர் கட்சி. ஃபேக்ஸ் அப்படியல்ல. அது எப்போதும் ஒரே கேள்வியைத்தான் கேட்கும்.

மருத்துவமனையில் அவருக்குக் 'கீச்சு' என்று பெயர். முகத்துக்கு நேரே கீச்சு சார், முதுகுக்குப் பின்னால் வெறும் கீச்சு. ஃபேக்ஸ் இணையும்போது வரும் கூச்சல் மற்றவர்களுக்குப் பல்லைக் கூசவைக்கும். இவருக்கு அது வாக்கியம் வாக்கியமாகப் புரியும். மருத்துவர்கள் மின்னஞ்சலுக்கு மாறிப் பல காலம் ஆகியிருந்தது. ஆனால் தலைநகரின் பெரிய மருத்துவமனை மட்டும், நோயாளியை அனுப்பிவைக்கும் பரிந்துரைத் தாளை ஃபேக்ஸில்தான் வாங்குவேன் என்று அடம்பிடித்தது. கையெழுத்து சட்டப்படி செல்ல வேண்டுமாம். அந்த அடத்தின் புண்ணியத்தில் கீச்சுவின் வேலை பிழைத்திருந்தது.

விதிப் புத்தகம் கேட்ட தகுதிகள் அத்தனையும் அவர் வீட்டில் இருக்கத்தான் இருந்தன. என்ன, அவை அவருடைய அக்காவிடம் இருந்தன. அக்கா பேருந்து நிலையத்தில் அறிவிப்புச் சொல்லும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவள். எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது என்பதை அவள் ஒலிபெருக்கியில் சொன்னால், வேறு ஊருக்குப் போகவேண்டியவனும் ஒரு கணம் அந்த வண்டியில் ஏறலாமா என்று யோசிப்பான். கணவர் இறந்த பிறகு தம்பியோடு வந்து சேர்ந்தாள். தம்பி கல்யாணமே செய்துகொள்ளவில்லை. அதற்கு அக்கா சொல்லும் காரணம்: "பொண்ணு வீட்டுக்காரங்க போன் பண்ணிருப்பாங்க. இவன் எடுத்திருக்க மாட்டான்."

வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயப்படுகிறவர் போல இருந்த கீச்சு, அக்காவிடம் மட்டும், அதுவும் ஃபேக்ஸ் விஷயம் என்றால் மட்டும், பேசுவார். சாப்பாட்டு மேசைதான் மேடை.

"ரெண்டு மெஷினும் மொதல்ல என்னடா பேசிக்கும்?" என்று அக்கா கேட்பாள். பலமுறை கேட்ட கதைதான். தம்பி பேசுவதைக் கேட்க வேறு வழி இல்லையே.

"நம்ம மெஷின் விட்டு விட்டுக் கீ, கீன்னு கேக்கும். 'நான் மனுஷன் இல்ல, மெஷின். அங்க யாராவது மெஷின் இருக்கீங்களா'ன்னு அர்த்தம். அந்தப் பக்கம் ஒரே நீளமா கீ...ன்னு வரும். 'இருக்கேன்'னு."

"நான் கூப்பிட்டா நீ அப்படி ஒரு கீயாவது விடுறியா?"

"அப்புறம் அந்தப் பக்கத்து மெஷின் தன்னால என்ன முடியும்னு சொல்லும். எவ்வளவு வேகம், எந்த அளவு தாள், எல்லாம். உடனே நம்மது அந்த வேகத்துல கொஞ்ச நேரம் சும்மா கத்திப் பார்க்கும். அவங்களுக்குத் தெளிவா கேட்டுதுன்னா, சரி. கேக்கலன்னா ஒரு படி வேகம் குறையும். அப்பவும் கேக்கலன்னா இன்னொரு படி. ரெண்டு பேருக்கும் ஒத்துவர்ற வேகம் கிடைச்ச பிறகுதான் தாளையே அனுப்பும்."

"கோவிச்சுக்காதா?"

"எதுக்குக்கா கோவம்? லைன் மோசமா இருந்தா மெதுவா பேசணும். அவ்வளவுதான்."

"இவ்வளவு பதவிசா மனுஷங்க பேசினா நான் ஏன்டா வாயைத் திறக்கப் போறேன்?" என்பாள் அக்கா. அவள் வாயைத் திறக்காத நாள் ஒன்று இருந்ததாக அந்தத் தெருவில் யாருக்கும் ஞாபகம் இல்லை.

தாள் போகும் விதத்தையும் அவர் சொல்லியிருக்கிறார். இயந்திரம் தாளை வரிவரியாக மேலிருந்து கீழே பார்க்கும், கறுப்பு எங்கே, வெள்ளை எங்கே என்று. எழுத்து நெருக்கமாக இருந்தால் சொல்ல நிறைய இருக்கும், நேரமும் பிடிக்கும். வெள்ளை என்றால், "இங்கேருந்து அது வரைக்கும் ஒண்ணும் இல்ல" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுத் தாவிவிடும்.

"ஒண்ணும் இல்லன்னு சொல்றதுக்கு நம்ம சொந்தக்காரங்க ஒரு சாயங்காலம் முழுக்க எடுத்துக்கறாங்க" என்றாள் அக்கா.

எல்லாம் முடிந்ததும் அனுப்பிய இயந்திரம் "முடிஞ்சுது, வந்துச்சா?" என்று கேட்கும். மறுமுனை "வந்துச்சு" என்னும். இரண்டும் வைத்துவிடும். கீச்சுவின் இயந்திரம் உடனே ஒரு சிறு சீட்டை அச்சடித்துத் தரும். நாள், நேரம், எண், கடைசியில் 'சரி'. அந்தச் சீட்டைப் பரிந்துரைத் தாளோடு பின் குத்திக் கொடுத்தால் அவர் கடமை தீர்ந்தது. யாராவது வந்து "போயிடுச்சா சார்?" என்று கேட்டால் சீட்டை நீட்டுவார். பேச வேண்டிய அவசியமே இராது. அவர் வாழ்க்கையில் இதைவிட நிம்மதியான ஏற்பாடு எதுவும் இருந்ததில்லை.

பழைய இயந்திரம் ஒருநாள் புகை விட்டுவிட்டுக் கண்ணை மூடியது. நிர்வாகம் எங்கிருந்தோ வேறொன்றைக் கொண்டுவந்து வைத்தது. பழையதில் தாளின் எழுத்துப் பக்கம் கீழே பார்க்க வேண்டும். புதியதில் மேலே பார்க்க வேண்டும். இது தெரியாமல் வார்டு நர்ஸ் ஒருத்தி அவசரத்துக்குத் தானே வந்து அனுப்பி, தாளின் எழுத்தில்லாத வெறும் முதுகை அனுப்பிவிட்டாள். கீச்சு அன்று வாய்விட்டே சிரித்தார். சிவப்பு மையில் 'எழுத்து மேலே பார்க்க வேண்டும்' என்று பெரிதாக எழுதி இயந்திரத்தின் நெற்றியில் ஒட்டினார்.

டெலிபோன் போர்டில் இருக்கும் ஆபரேட்டர் அம்மா எட்டிப் பார்த்து, "எழுத்துக்குக் கண்ணு இருக்கா சார், மேல பாக்கறதுக்கு?" என்றாள்.

"படிக்கறவங்களுக்கு இருக்கணும்" என்றார் கீச்சு. அவர் சொன்ன ஒரே ஜோக் என்று மருத்துவமனை முழுக்கப் பரவியது.

அந்த மழைக்காலத்தில்தான் அக்காவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. முதலில் மாடி ஏறும்போது. அப்புறம் தெருமுனை வரை நடக்கும்போது. அப்புறம், அதுதான் விபரீதம், பேசும்போது. வாக்கியத்தின் நடுவே நின்று மூச்சை எடுத்துக்கொண்டு மறுபடி தொடர்ந்தாள். "வண்டி ரிப்பேர்ல நின்னுடுச்சு, பயணிகள் பொறுத்துக்கொள்ளவும்" என்று அதையும் அறிவிப்பாகவே செய்தாள். இருதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப்போயிருக்கிறது என்றார் மருத்துவர். பெரிய மருத்துவமனையில்தான் மாற்ற முடியும். சீக்கிரம் செய்தால் பிழைத்துவிடுவார், தள்ளிப்போட்டால் சொல்ல முடியாது. பரிந்துரை வந்து சேர்கிற வரிசையில்தான் அங்கே தேதி கொடுப்பார்கள். தாளின் அடியில் ஒரு குறிப்பும் இருந்தது: தேதி நோயாளிக்கு நேரடியாகத் தெரிவிக்கப்படும், விசாரிக்கத் தொலைபேசி செய்ய வேண்டாம்.

அந்தக் கடைசி வரி கீச்சுவுக்கு மிகவும் பிடித்திருந்தது.

மருத்துவர் அன்று நெருக்கமாக, தாள் கொள்ளாமல் எழுதியிருந்தார். கீச்சு அதை ஒருமுறை படித்தார். இரண்டாம் முறை படிக்க முடியவில்லை. நடைபாதையில் வருகிறவர் போகிறவர் கண்ணில் அக்காவின் இருதயம் படக் கூடாது என்று தாளைக் கவிழ்த்து, மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு மாடிப்படி அறைக்கு வந்தார். வந்த வாக்கில் அதை இயந்திரத்தில் வைத்தார். கவிழ்த்து வைத்தே பழகிய கை. சிவப்பு மை எழுத்து அவர் கண்ணுக்கு எதிரேதான் இருந்தது. ஆனால் அது மற்றவர்களுக்காக எழுதியது.

எண்ணை அழுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு காதைத் தீட்டினார். மழையில் லைன் கரகரத்தது. கீ, கீ. மறுமுனை நீளமாக, இருக்கேன் என்றது. இவர் இயந்திரம் முதல் வேகத்தில் கத்திப் பார்த்தது, தோற்றது. ஒரு படி இறங்கியது, அதிலும் தோற்றது. மூன்றாவது படியில் ஒத்துக்கொண்டார்கள். இந்த வேகத்தில், இவ்வளவு எழுத்து, இந்த மழையில். நடுவில் அறுந்துவிடப் போகிறது என்று மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

தாள் சர்ரென்று போய் விழுந்தது. வந்துச்சா? வந்துச்சு. சீட்டு அச்சாகி வெளியே வந்தது: சரி.

அவ்வளவு மெதுவான லைனில் அவ்வளவு சீக்கிரம் எப்படிப் போனது என்று, கூச்சலை வாக்கியம் வாக்கியமாகப் படிக்கத் தெரிந்த அந்த மனிதர் யோசித்திருக்க வேண்டும். அவர் யோசிக்கவில்லை. அக்காவுக்கு நல்ல நேரம் என்று நினைத்துக்கொண்டார்.

வீட்டில் சீட்டைக் காட்டினார். அக்கா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"சரின்னு போட்டிருக்கு. யாரு சொன்னா சரின்னு?"

"அங்கிருக்கற மெஷின்."

"அது படிச்சுதா?"

"படிக்காதுக்கா. வாங்கிக்கும்."

"அப்ப படிக்கறவங்க கிட்ட ஒரு வார்த்தை கேளேன்டா. வேணாம், நம்பரைக் குடு, நானே பேசறேன். இந்த மூச்சுக்கு நாலு வரி தாங்கும்."

"போன் பண்ணக் கூடாதுன்னு போட்டிருக்கு. கோவிச்சுக்கிட்டு வரிசைல பின்னாடி தள்ளிட்டா? சரின்னு வந்திருக்குக்கா. வந்தா வந்ததுதான்."

அக்கா அவரைப் பார்த்தாள். இந்த ஒரு விஷயத்தில் தன் தம்பிக்குத் தெரியாதது இல்லை என்று அவள் தெருவெல்லாம் சொல்லிவைத்திருந்தாள். வாழ்நாளில் முதல்முறையாகப் பேசாமல் இருக்க ஒப்புக்கொண்டாள். சீட்டை நாட்காட்டியில் செருகிவைத்தாள். பக்கத்து வீட்டுக்காரி வந்தபோது அதை எடுத்துக் காட்டி, "என் தம்பி அனுப்பினது. சரின்னு பதில் வந்துடுச்சு" என்றாள்.

காத்திருந்தார்கள். வீட்டுத் தொலைபேசியை அக்கா தன் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டாள். அடித்ததெல்லாம் யாரோ எதையோ விற்பவர்கள். ஆளே கிடைக்காதவள்போல அவர்களிடமும் பேசினாள். அவர்களே அலுத்துப்போய் வைத்தார்கள். மழை விட்டது. மருத்துவர் நடைபாதையில் கீச்சுவை நிறுத்தி, "இன்னுமா கூப்பிடல?" என்றார். கீச்சு, "சரின்னு வந்திருக்கு சார்" என்றார். மருத்துவர் தலையாட்டிவிட்டுப் போனார். அவருக்கும் 'சரி' போதுமானதாகத்தான் இருந்தது.

ஆபரேட்டர் அம்மாவுக்குப் போதவில்லை. "நான் லைன் போட்டுத் தரேன், நீங்க பேசுங்க" என்று தினம் சொன்னாள். அவர் தினம் மறுத்தார். கடைசியில் ஒருநாள், கேட்காமலே இணைப்பைப் போட்டுவிட்டு, மாடிப்படி அறைக்கு ஓடிவந்து ரிசீவரை எடுத்து அவர் கையில் திணித்தாள். "பேசுங்க. இல்ல, கீச்சுன்னாவது கத்துங்க."

மறுமுனையில் ஜலதோஷம் பிடித்த ஓர் ஆண் குரல். கீச்சு திக்கித் திணறி மருத்துவமனையின் பெயரைச் சொன்னார்.

"அட, நீங்களா!" என்று குரல் உற்சாகமானது. "வெள்ளைப் பேப்பர் அனுப்பினவங்கதானே? மேல மெஷின் தானா அடிக்கற உங்க ஆஸ்பத்திரி பேர் ஒரு வரி, கீழ பால் மாதிரி வெள்ளை. நாங்க எல்லாரும் சிரிச்சோம் சார். இதோ பாருங்க, என் மேஜை மேலதான் இருக்கு. அதுலதான் எல்லார் போன் நம்பரும் குறிச்சு வெச்சிருக்கேன்."

கீச்சுவுக்கு அந்தச் சத்தம் மொத்தமாக ஞாபகத்துக்கு வந்தது. கரகரத்த லைன், இறங்கிய படிகள், அப்புறம் சர்ரென்று போன அந்தத் தாள். இங்கேருந்து அது வரைக்கும் ஒண்ணும் இல்ல. கண்ணை மூடிக்கொண்டு அதைத்தான் கேட்டிருக்கிறார்.

"ஒரு வார்த்தை... கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே?"

"அனுப்பினவங்களுக்குத் தெரியாதா சார்? எப்படியும் மறுபடி அனுப்புவாங்கன்னு இருந்தோம்."

"இப்ப அனுப்பறேன்."

"தாராளமா அனுப்புங்க. ஆனா இந்தப் பட்டியல் நிறைஞ்சுபோச்சு. இனிமே கோடைக்கு மேலதான். யாருக்கு சார், நெருங்கின உறவா?"

கீச்சு ரிசீவரை மெதுவாக வைத்தார். தாளை எழுத்து மேலே பார்க்க வைத்து அனுப்பினார். அன்று லைன் கண்ணாடிபோல் தெளிவாக இருந்தது. ஆனாலும் தாள் நகர்ந்து முடிய வெகுநேரம் ஆயிற்று. ஒவ்வொரு வரியும் சரளைக்கல்லை இழுத்துக்கொண்டு போவதுபோல் போயிற்று. ஆபரேட்டர் அம்மா வாசலில் நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சீட்டு வந்தது. சரி என்றது. அவர் அதைக் கிழித்து எடுக்கவில்லை.

வீட்டுக்குப் போய் அக்காவிடம் சொன்னார். சொல்லாமல் இருக்க முடியாது. அவளிடம் மட்டும்தானே அவருக்குப் பேச்சு. அக்கா கேட்டுவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் மூச்சிரைப்பாகி, அடங்கப் பொழுது பிடித்தது.

"ஊருக்கெல்லாம் ஒழுங்கா அனுப்பினே... எனக்கு மட்டும் வெள்ளையா."

"அக்கா..."

"அவங்க மேல தப்பு சொல்லாதே. பேசிப் பேசியே ஓஞ்சவ, எழுதறதுக்கு இவளைப் பத்தி என்ன இருக்குன்னு நெனச்சிருப்பாங்க."

"திட்டேன்க்கா."

"திட்டறதுக்கு மூச்சு வேணும்டா." மூச்சை எடுத்துக்கொண்டு சொன்னாள். "கேளுன்னேன் இல்ல? ஒரு வார்த்தை. அதுக்குப் போய் இவ்வளவு பயமா?"

அவள் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மன்னித்தாளா என்று சொல்வதற்கில்லை. மன்னிப்பதற்கும் நாலு வரி பேச வேண்டியிருக்கும். நாட்காட்டியில் செருகியிருந்த சீட்டை மட்டும் யாரும் எடுக்கவில்லை. அதன் மை நாளாக ஆக வெளுத்தது.

கோடை தொடங்குவதற்கு முன்பே அக்கா போய்ச் சேர்ந்தாள். கோடை நடுவில் வீட்டுத் தொலைபேசி அடித்தது. கீச்சு எடுத்தார். ஜலதோஷம் தெளிந்த அதே குரல்.

"பெரிய ஆஸ்பத்திரிலேருந்து. உங்க பேஷண்டுக்குத் தேதி கிடைச்சிருக்கு. குறிச்சுக்கறீங்களா?"

"அவங்க இறந்துட்டாங்க."

"அடடா." தாள் புரட்டும் சத்தம் கேட்டது. "அப்ப இந்தத் தேதியை அடுத்த ஆளுக்குக் குடுத்துடலாமா?"

"குடுங்க."

"ரொம்ப தேங்க்ஸ் சார். சொன்னது நல்லதாப்போச்சு. பாதிப் பேர் போனையே எடுக்கறதில்ல."

அதன் பிறகு மருத்துவமனையில் ஒரு புதிய தொந்தரவு ஆரம்பித்தது. கீச்சு தொலைபேசி பேசத் தொடங்கினார். ஒரு தாள் அனுப்பி முடித்ததும், சீட்டைப் பார்க்காமல், ரிசீவரை எடுத்து ஆபரேட்டர் அம்மாவிடம் அதே இடத்தின் பேச்சு எண்ணைக் கேட்பார். யாராவது எடுக்கும்வரை விடமாட்டார். எடுத்தவரிடம் வியர்த்து வழிய, "தாள் வந்துச்சுங்களா? மொதல் வரியைக் கொஞ்சம் படிங்க" என்பார். படித்தால் "நன்றி" சொல்லி வைத்துவிடுவார். சிலர் சிரித்தார்கள். சிலர் திட்டினார்கள். பலர் எடுத்து, குரலைக் கேட்டதுமே வைத்தார்கள். நிர்வாக அதிகாரி, இயந்திரமே உறுதிச்சீட்டு தரும்போது தொலைபேசியில் நேரத்தை வீணாக்குவதற்கு விளக்கம் கேட்டுக் குறிப்பு அனுப்பினார். கீச்சு விளக்கம் எதுவும் எழுதவில்லை. ஆபரேட்டர் அம்மா மட்டும் அவர் கேட்பதற்கு முன்பே இணைப்பைப் போட்டுக் கொடுத்தாள்.

அக்காவின் தாளுக்குப் பிறகு அந்த அறையிலிருந்து வெள்ளைத் தாள் ஒன்றுகூடப் போகவில்லை. ஆகவே அவர் விசாரித்ததால் எந்த நோயாளிக்கும் எந்த நன்மையும் விளைந்ததாகச் சொல்ல முடியாது. அவர் ஓய்வு பெற்ற நாளில் வாசிக்கப்பட்ட பாராட்டுரையில் 'இனிய குரல்', 'தயக்கமின்றிப் பழகும் இயல்பு' ஆகிய சொற்கள் விதிப் புத்தகத்திலிருந்து அப்படியே எடுக்கப்பட்டிருந்தன. கேட்டவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அக்கா இறந்ததிலிருந்து அன்றுவரை, தான் அனுப்பிய ஒவ்வொரு தாளுக்கும் மறுமுனையை அழைத்து, முதல் வரியை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டார்.